இரசாயனக் கூடத்து நாற்றுமேடை

பல்கலைக்கழகத்து இரசாயனப் பகுதிக்குள் காலடி வைப்பவர் கண்ணில் முதலிற் படுவது ஆய்வுகூடமன்று, விளம்பரப் பலகையே. பரீட்சைப் பெறுபேறு, விரிவுரை நேரமாற்றம், தவறிப்போன குடையொன்றைப்பற்றிய அறிவித்தல் ஆகியவற்றின் நடுவே ஒரு துண்டுக் காகிதம் குண்டூசியில் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கருத்தரங்கு, பேசுபவர் இன்னார், பொருள் இன்னது, மூன்றே முக்காலுக்குத் தேநீர். அதன்கீழே, வேறொரு கையெழுத்தில், ஆண்டிறுதி விருந்துபசாரத்துக்குப் பணம் செலுத்தாதோர் உடனே செலுத்துக என்றும் இருக்கும். முதலாண்டு மாணவர் பெறுபேற்றைத் தேடுவாரேயன்றித் துண்டுக் காகிதத்தைப் பாரார். பார்ப்பவரிலும் பாதிப்பேர் தேநீரை எண்ணியே பார்ப்பவர்.

நானும் அப்பாதியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். மாணவனாயிருந்த காலத்தில் ஒருநாள், வெளியூரிலிருந்து வந்த அறிஞரொருவர் தாவரச் சாயங்களைப்பற்றிப் பேசினார். வாயிலை ஒட்டிய கடைசி வாங்கில் அமர்ந்திருந்தேன். பேச்சின் நடுவே மஞ்சளிலுள்ள நிறப்பொருளைப்பற்றி அவர் இரண்டொரு வார்த்தை சொன்னார். உடனே என் மனம் வீட்டுக்கு ஓடிவிட்டது. மணமக்களுக்கு ஆலாத்தி எடுப்பதற்கு அம்மா மஞ்சள் கரைத்த நீரிலே சிறிது சுண்ணாம்பைச் சேர்ப்பார். மஞ்சள் நீர் கண்முன்னே குங்குமமாகச் சிவந்துவிடும். அஃது ஏன் சிவக்கிறது? கேட்கவேண்டுமென்று நா துடித்தது. ஆனால் முன்வரிசையிற் பேராசிரியர்கள். பக்கத்திலே கெட்டிக்காரத் தோழர்கள். ஆலாத்தித் தட்டைப்பற்றி இவ்விடத்திற் கேட்டாற் சிரிக்கமாட்டார்களா? வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்தபின் தேநீர் மேசையருகே அப்பெரியவர் தனியே நின்று விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிற் கண்டபோது அச்சம் சற்றுக் குறைந்தது. கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடதாசித் துவாலையொன்றில் குர்க்குமின் என்னும் அம்மூலக்கூற்றை வரைந்தார். இரு முனைகளிலும் வளையம். இடையிலே ஒன்றுவிட்டொன்றாய் இரட்டைப் பிணைப்புகள் கொண்ட காபன் சங்கிலி. சுண்ணாம்பு காரமாகையால் மூலக்கூற்றிலிருந்து ஐதரசனைக் கவர்ந்துகொள்கிறது. எஞ்சிய இலத்திரன்கள் சங்கிலி நெடுக முன்னினும் இலகுவாகப் பரவுகின்றன. அதனால் அது விழுங்கும் ஒளி மாறுகிறது. நம் கண்ணுக்கு எஞ்சும் நிறமும் மாறுகிறது. காரத்தைக் கண்டறிவதற்கு மஞ்சள் தோய்த்த தாளை இரசாயனிகள் நெடுங்காலம் பயன்படுத்தினர் என்றும் சொன்னார். பிறகு, "இதை நீர் மண்டபத்திலேயே கேட்டிருந்தால் எல்லோரும் அறிந்திருப்பார்களே!" என்றார். அந்தத் துவாலை பல ஆண்டுகள் என் குறிப்புப் புத்தகத்துள் இருந்தது. அன்றைய பேச்சின் எஞ்சிய பகுதி எதுவும் இன்று நினைவில்லை.

நாம் கருத்தரங்கு என்று மொழிபெயர்த்துக்கொண்ட 'செமினார்' என்னும் சொல்லின் மூலம் இலத்தீன். விதைகளை நெருக்கமாக விதைத்து வளர்த்து, வேறிடத்தில் நடுவதற்குரிய நிலம் என்பது அதன் முதற்பொருள். நம் வயற்காரர் அதனை நாற்றுமேடை என்பர். இதனினும் பொருத்தமான பெயர் வாய்ப்பது அரிது.

இரசாயனத்தில் அந்த நாற்றுமேடையை முதன்முதற் சீராக அமைத்தவர்களுள் தலையானவர் யூஸ்டஸ் லீபிக். ஜேர்மனியின் சின்னஞ்சிறு நகரமான கீசனிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அவர் 1824ஆம் ஆண்டு பேராசிரியராக வந்தபோது வயது இருபத்தொன்று. கைவிடப்பட்ட படைவீரர் பாசறையொன்றே அவருக்குக் கிடைத்த ஆய்வுகூடம். ஆங்கே அவர் நடத்திய முறையைப் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு நாட் காலையிலும் ஒவ்வொரு மாணவரும் முதல்நாள் செய்ததையும், மேலே செய்ய நினைப்பதையும் அவரிடம் கூறவேண்டும். அவர் ஏற்பார், அல்லது குறைகாண்பார், ஆனால் வழியை மாணவரே தேடிக்கொள்ளவேண்டும். மாரிகாலத்தில் வாரம் இருமுறை, அக்காலத்து முக்கிய பிரச்சினைகளை எல்லோர்க்கும் எடுத்துரைப்பார். ஒருவர் வேலையில் மற்றவரும் பங்குகொண்டமையால், மாணவர் தம்முள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்பது அவர் கண்டது. வேறு கேளிக்கைகள் கீசனில் இல்லை. அங்கே முறையிட்டவர் ஒருவர்தாம்: ஆய்வுகூடத்துப் பணியாளர். மாலையிற் கூட்டித் துடைக்க வந்தால் மாணவர் வெளியே போகமறுக்கிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு! அப்பாசறை இன்று லீபிக்கின் பெயரால் அரும்பொருட்காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

கீசன் காலைநேரத்தால் பெயர்பெற்றதென்றால், அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகம் இரவுநேரத்தால் பெயர்பெற்றது. அங்கே றொபேட் பேர்ன்ஸ் வூட்வேட் என்னும் பேராசிரியர் நடத்திய வியாழக்கிழமைக் கருத்தரங்குகள் இரசாயன உலகிற் பழங்கதைபோல் வழங்குகின்றன. எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் அவை நள்ளிரவை நோக்கியே நடக்கும்.

இந்த வூட்வேட் ஒரு விசித்திரமான மனிதர். 1917இல் பொஸ்டன் நகரிற் பிறந்தவர். பதினாறாம் வயதில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் சேர்ந்து, பாடங்களைக் கவனியாமையால் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டு, இருபதாம் வயதிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். (நீக்கப்பட்ட செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மாணவ நண்பர்கள், கலாநிதிப் பட்டத்தையும் சேர்த்து நினைக்கக் கடவர்.) விரிவுரை நிகழ்த்த வரும்போது இரண்டு பெரிய வெண்ணிறக் கைக்குட்டைகளை மேசைமீது விரிப்பார். ஒன்றிற் பல நிற வெண்கட்டிகள், புத்தம் புதியவை, நிறவாரியாக வரிசையில் இருக்கும். மற்றதிற் சிகரெட்டுகள், அவையும் வரிசையில். முந்திய சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பார். படத்தகடுகளை நாடாமல், மூலக்கூறுகளைக் கரும்பலகையிற் பல நிறங்களில் வரைந்துகொண்டே போவார். மூன்று மணி, நான்கு மணி நேரம் செல்லும். அவருடைய மிக நீண்ட விரிவுரையை ஒரு 'வூட்வேட்' என அளவாகக் கொண்டு, மற்றைய விரிவுரைகளை இத்தனை 'மில்லிவூட்வேட்' என்று மாணவர் அளந்தனராம். நீலநிறத்தில் அவருக்குத் தீராத மோகம். உடையும் நீலம், காரும் நீலம். அதை நிறுத்தும் இடத்துக்குங்கூட நீலவண்ணமே பூசப்பட்டிருந்தது. பரிகாசத்தைத் தாங்கிக்கொள்ளும் ஆசிரியரிடம் மாணவர் வினாவுக்கும் அஞ்சமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வறையிலிருந்தவர்கள் சாதித்தவை பரிகாசத்துக்குரியவையல்ல. கசப்புக்கு நாம் உவமைகூறும் எட்டி, நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் தானே வளரும் மரம். அதன் கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு, சிக்கலான அமைப்பினால் இரசாயனிகளை நெடுங்காலம் திணறவைத்தது. அதனை 1954இல் வூட்வேட் குழுவினர் ஆய்வுகூடத்திலே தொகுத்தனர். சர்ப்பகந்தியின் வேரிலுள்ள றெசர்ப்பின் 1956இலும், இலைப் பச்சையமாகிய குளோரோபில் 1960இலும் அவ்வாறே தொகுக்கப்பட்டன. 1965இல் நொபெல் பரிசு வூட்வேட்டை அடைந்தது. இறுதியாக, விற்றமின் பி 12. சூரிக் நகரத்து எஷென்மோசர் என்னும் பேராசிரியரின் குழுவோடு கூடி, ஏறத்தாழ நூறு ஆய்வாளர் பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1972இல் அதனை முடித்தனர். இடைவழியில் எதிர்பாராதவாறு அமைந்த சில விளைவுகளை ஆராயப்போய், வூட்வேட்டும் இளைஞரான றோல்ட் ஹொப்மனும் 1965இல் ஒரு விதித்தொகுதியையே கண்டனர். 1981இல் ஹொப்மன் நொபெல் பரிசிற் பங்குபெற்றார். வூட்வேட் 1979இலேயே காலமாகிவிட்டார்.

இனி, விருந்துபசாரத்துக்கு வருவோம். பணம் செலுத்தாத நண்பர்கள் அதனை வீண்செலவென்று எண்ணலாம். ஆனால் இரசாயனத்தின் மிகப் புகழ்பெற்ற கதை, விருந்துபசாரத்தைப் போன்றதொரு விழாவிலேதான் வெளியாயிற்று. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த கேக்குலே, பென்சீனின் ஆறு காபன் அணுக்களும் வளையமாக இணைந்துள்ளன என்னும் கொள்கையை 1865இல் வெளியிட்டார். 1886இல் பேர்லினில் விஞ்ஞானிகள் கூடியபோது, ஜேர்மன் இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையைப் போலவே அச்சிட்ட ஒரு கேலி இதழ் கைக்குக் கை மாறியது. 'ஜேர்மன்' என்னும் சொல்லை ஒலியொற்றுமையாற் 'தாகமுற்ற' என்று மாற்றி, தாகமுற்ற இரசாயனக் கழகத்தின் அறிக்கை என்று அதற்குப் பெயர். தாகம் என்ன தாகமென்பதை விளக்கவேண்டியதில்லை. அதிலே ஆறு குரங்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளையமாய் நின்றன. இரட்டைப் பிணைப்புக்கு வாலும் உதவிற்று! பின்னர் 1890இல், கொள்கையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை அதே நகரிற் கொண்டாடியபோது, கேக்குலே எழுந்து, கென்ட் நகரில் தாம் கணப்பருகே கண்ணயர்ந்த வேளையில், பாம்பொன்று தன் வாலையே கௌவிச் சுழல்வதாகக் கனவு கண்ட கதையைச் சொன்னார். கால்நூற்றாண்டு சொல்லாதிருந்த கனவை விழா மேடையிற் சொன்னாரே, அது மெய்தானா என ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர். மெய்யோ பொய்யோ, பென்சீனைப் பயிலும் ஒவ்வொரு மாணவரும் அப்பாம்பை அறிவர்.

இவ்வளவும் உள்ளே இருந்தவர் கதை. வெளியே நிறுத்தப்பட்டவர் கதையும் உண்டு. விற்றமின் பி 12ஐத் தொகுக்கவேண்டுமாயின் அதன் அமைப்பு முதலில் தெரிந்திருக்கவேண்டுமல்லவா? அதனை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து டொறதி ஹொட்ஜ்கின் அம்மையார். 1956இல் அவ்வேலை நிறைவெய்திற்று. ஆனால் 1930களில் அவர் ஒக்ஸ்போட்டில் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, அங்குள்ள இரசாயன ஆசிரியர்கள் கூடி ஆராய்ச்சிகளைப்பற்றிப் பேசும் கழகத்திற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. யார் என்ன செய்கிறார், எங்கே தடைப்பட்டார் என்பன யாவும் பேசப்படும் அறைக்கு வெளியே, அரும்பொருட்காட்சிச்சாலைக் கட்டடத்தின் நிலவறையில், அவர் தம் பளிங்குகளோடு இருந்தார்.

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் மாணவரே. தம்முடைய கழகத்துக்கு வந்து பேசுமாறு அவரை அழைத்தனர். அப்பேச்சைக் கேட்ட மாணவரொருவர், தாமும் அவரிடமே ஆராய்ச்சி பயில்வதாகக் கூறி வந்து சேர்ந்தார். ஹொட்ஜ்கினுக்கு வாய்த்த முதல் ஆராய்ச்சி மாணவர் அவரே. 1964இல் ஹொட்ஜ்கின் நொபெல் பரிசு பெற்றபோதும், இங்கிலாந்துப் பத்திரிகையொன்று இல்லத்தரசி ஒருவருக்குப் பரிசு கிடைத்ததாகவே தலைப்பிட்டது. அவர் மூன்று பிள்ளைகளின் தாய் என்பது உண்மைதான். பென்சிலினின் அமைப்பையும் கண்டவர் என்பது அத்தலைப்பில் இடம்பெறவில்லை.

இலண்டன் இரசாயனக் கழகத்தின் கதையும் இத்தகையதே. தம்மையும் அங்கத்தவராக ஏற்கும்படி பத்தொன்பது பெண் இரசாயனிகள் 1904இல் மனுச்செய்தனர். கதவு முழுமையாகத் திறந்தது 1920இல். பதினாறு ஆண்டுகள்! ஒருவர் மாணவியாய் நுழைந்து பேராசிரியையாய் உயரப் போதுமான காலம்.

இக்காலத்தில் கதவைப் பூட்டி ஒருவரை வெளியே நிறுத்துவார் அரியர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கருத்தரங்குகள் கணினித் திரைக்குட் புகுந்தன; அன்றுமுதல் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாணவி சூரிக் நகரத்துப் பேச்சைத் தன் வீட்டு விறாந்தையிலிருந்தே கேட்பதும் இயல்வதாயிற்று. இது பெரும்பேறு. ஆயினும் திரையிலே தேநீர் மேசை இல்லை. பேச்சு முடிந்ததும் முகங்கள் ஒவ்வொன்றாய் மறைந்துவிடும். கடைசி வாங்கிலிருந்து எழுந்து, கோப்பையோடு நிற்கும் பெரியவரை அணுகிக் கேட்பதற்கு அங்கே இடமில்லை.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்திலிருக்கும் மகனோ மகளோ, வெள்ளிக்கிழமை பாடம் முடிந்தபின்னும் ஏதோ கூட்டமென்று நின்று, பிந்திய பேருந்தில் வந்தால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். யார் பேசினார், நீ என்ன கேட்டாய் என்று வினவிப் பாருங்கள். மாணவர்க்கு ஒரு வார்த்தை: பேச்சுத் தொடங்குமுன் தேநீருக்குப் போய்விடுங்கள். அங்கே பேசுபவரும் சற்று நடுக்கத்தோடுதான் நின்றுகொண்டிருப்பார்.