உஷார்! ஆடாத ஷேரைக் கண்டால்தான் அதிகம் பயப்பட வேண்டும்

சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற மாசி மாதத்தில் செல்போனைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். "இந்த ஷேர் ஒரே வருஷத்தில் 80 சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பச்சைக் கோடு வலது மூலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதை அனுப்புகிறவர் ஒன்றை மட்டும் சொல்லவே மாட்டார். அந்த 80 சதவீதத்துக்காக ஷேர் எத்தனை ஆட்டம் ஆடியது, நடுவில் எத்தனை பேரைக் கீழே தள்ளியது என்பதுதான் அது.

லாபத்தை மட்டும் பார்த்துப் பணம் போடுகிறவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். மீதிப் பாதி ரிஸ்க். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதைக் கற்றுக்கொண்டவர்களும் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள் என்பதுதான் இன்னும் பெரிய எச்சரிக்கை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பது டெல்டாக்காரருக்குப் புதிதல்ல. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2020, 2021, 2023 ஆகிய மூன்று வருஷமும் அன்றைக்கே திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்துக்கும் சராசரி எடுத்தால் ஜூன் 17 வாக்கில் வரும். அந்த ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட அணை ஜூன் 17-ல் திறக்கவில்லை. 2024-ல் இப்படி ஒரு சராசரித் தேதியை நம்பிக் கடைமடையில் குறுவைக்கு நாற்று விட்டவர் கதி என்னவாகியிருக்கும்?

ஷேருக்கு வருவோம். இரண்டு ஷேர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாவது, ஐந்து வருஷத்தில் 30 சதவீதம் ஏறி, 20 இறங்கி, 35 ஏறி, 10 இறங்கி, 25 ஏறியது. இரண்டாவது, முறையே 14, 10, 13, 11, 12 சதவீதம் ஏறியது. இரண்டுக்கும் வருஷச் சராசரி 12 சதவீதம்தான். ஆனால் முதல் ஷேரில் போட்ட ஒரு லட்சம் 1,57,950 ரூபாய் ஆகும். இரண்டாவதில் போட்டது 1,76,164 ரூபாய். வித்தியாசம் 18 ஆயிரத்துக்கும் மேல். சராசரியில் இது தெரியவே தெரியாது. இடையில் 20 சதவீதம் இறங்கியிருக்கும்போது மகள் கல்யாணத்துக்காக விற்க நேர்ந்தவருடைய நஷ்டம் தனிக் கணக்கு.

இந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்க 1966-ல் வில்லியம் ஷார்ப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு விகிதம் சொன்னார். 1990-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் இவரும் ஒருவர். கணக்கு சுலபம். ரிஸ்க் இல்லாமல் கிடைக்கிற வட்டியை லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். மீதியைத் திட்ட விலக்கத்தால், அதாவது லாபம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்ற அளவால், வகுக்க வேண்டும். ரிஸ்க் இல்லாத வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நம்முடைய இரண்டு ஷேருக்கும் மிஞ்சுவது 5. முதல் ஷேரின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 25, விகிதம் 0.2. இரண்டாவதன் விலக்கம் 1.6-க்கும் குறைவு, விகிதம் 3-க்கும் மேல். மியூச்சுவல் ஃபண்டுகளின் மாதாந்தர அறிக்கையில் இந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். தனி ஷேருக்குப் பெரும்பாலும் யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் 3 எடுத்த ஷேரை வாங்கிவிடலாமா? நில்லுங்கள். நேர்மையான சந்தையில் ஒரு தனி ஷேர் பல வருஷம் தொடர்ந்து 3 எடுப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பங்கைப் பொறுத்தவரை 1 என்பதே நல்ல மதிப்பெண். 3-ஐப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

காரணம், இந்த விகிதம் நடந்து முடிந்த ஆட்டத்தை மட்டுமே அளக்கும். இன்னும் நடக்காத விபத்து அதன் கண்ணுக்குப் படாது. சில்லறை ஷேர் ஒன்றைச் சிலர் கூடி தினமும் 5 சதவீத அப்பர் சர்க்யூட்டுக்கு, அதாவது ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்சவரம்புக்கு, ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். பதினைந்து வர்த்தக நாளில் விலை இரட்டிப்பாகிவிடும். தினமும் அதே 5 என்பதால் விலக்கம் பூஜ்யம். ஷார்ப் விகிதம் வானத்துக்குப் போகும். கணக்குப்படி உலகத்திலேயே பாதுகாப்பான ஷேர்! இறங்கும்போது அதே ஷேர் லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். விற்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது. 2022 ஜூலையில் சாத்னா பிராட்காஸ்ட் என்ற ஷேரைப் பற்றி யூடியூபில் பொய் வீடியோக்கள் போட்டு விலை ஏற்றப்பட்டதாக 2023 மார்ச்சில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இடைக்கால உத்தரவு போட்டது. வீடியோ பார்த்து வாங்கியவர்கள் சாதாரண சிறு முதலீட்டாளர்கள்.

அதிகம் கைமாறாத ஷேரிலும் இதே மயக்கம் உண்டு. வர்த்தகமே நடக்காத நாளில் விலை அசையாது. அசையாததை விகிதம் நிதானம் என்று எடுத்துக்கொள்ளும். ஆப்ஷன் விற்று மாதம் 3 சதவீதம் தருகிறேன் என்பவரும் இந்த ரகம்தான். பல மாதம் சின்னச் சின்ன லாபம் வரும், ஒரே நாளில் மொத்தமும் போகும். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபியே கணக்குக் காட்டியிருக்கிறது.

விகிதம் போடத் தெரிந்தவர்களும் ஏமாந்த கதை உண்டு. நியூயார்க்கில் பெர்னார்ட் மேடாஃப் என்ற முதலீட்டு நிர்வாகியின் கணக்கில் வருஷக்கணக்காக ஏற்ற இறக்கமே இல்லாத லாபம். அத்தனையும் போலி என்பது 2008 டிசம்பரில் தெரிந்தது. நம் கும்பகோணத்தில், பணத்தை ஒரே வருஷத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாக ஏமாற்றிய புகாரில் 'ஹெலிகாப்டர் சகோதரர்கள்' என்று அழைக்கப்பட்ட இருவர் 2021 ஆகஸ்ட்டில் கைதானார்கள். அது ஷேர் அல்ல. ஆனால் ஆட்டமே இல்லாத லாபம் என்ற ஆசை ஒன்றேதான்.

மோசடிக்காரர்கள் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். கரூரில் 1926-ல் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பேங்க் என்ற பாசத்தில் அந்த ஷேரைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. 2017-ல் 150 ரூபாயைத் தாண்டி விற்ற ஷேர் அது. அப்போது முந்தைய மூன்று வருஷ விலையை வைத்து யாராவது ஷார்ப் விகிதம் போட்டிருந்தால், பயப்படும்படி ஒன்றும் வந்திருக்காது. 2020 நவம்பர் 17-ல் வங்கிக்குத் தடைக்காலம் அறிவித்தார்கள். பத்தே நாளில், 27-ஆம் தேதி, டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்களின் பணம் பிழைத்தது. ஷேர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. பங்கு மூலதனம் முழுதும் ரத்து. கூடுதல் வட்டிக்காக அதன் இரண்டாம் அடுக்குப் பத்திரங்களில் போட்ட 318 கோடி ரூபாயும் அதே கையெழுத்தில் போயிற்று.

அதனால் யாராவது ஒரு விகிதத்தைக் காட்டினால், எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று முதலில் கேளுங்கள். 2020 மார்ச் கடைசியில், கொரோனாவில் சந்தை விழுந்துகிடந்த நாளிலிருந்து ஆரம்பித்தால் ஏறக்குறைய எந்த ஷேரும் அழகாகத்தான் தெரியும். மாத விகிதத்தை வருஷத்துக்கு மாற்ற 12-இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய மூன்றரையால், பெருக்க வேண்டும். நேராக 12-ஆல் பெருக்கிக் காட்டினால் எழுந்து போய்விடலாம். ஒரு நாளில் எத்தனை ஷேர் கைமாறுகிறது என்று பாருங்கள். ஆலோசனை சொல்கிறவருக்குச் செபி பதிவு எண் இருக்கிறதா என்று செபி தளத்திலேயே தேடுங்கள். அவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். மொத்தச் சேமிப்பையும் ஒரே ஷேரில் போட்டிருப்பவருக்கு எந்த விகிதமும் துணைக்கு வராது.

இதெல்லாம் விலையை வைத்துப் போடும் கணக்கு. கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். லட்சுமி விலாஸ் வங்கி 2017-18 முதல் மூன்று வருஷம் வரிசையாக நஷ்டம் காட்டியது. கொடுத்த கடனில் நூறு ரூபாய்க்கு 25 ரூபாய், 2020 மார்ச்சில் வாராக்கடனாக நின்றது. 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதன்மேல் திருத்த நடவடிக்கை எடுத்தது. பத்திரிகைகளில் வந்த செய்திதான். ஷேர் பூஜ்யமாக அதன் பிறகும் 14 மாதம் இருந்தது. அந்த 14 மாதமும் சந்தையில் அதை விற்கவும் முடிந்தது, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள்.