மாவும் நைஸ், மனிதரும் நைஸ்

என் மாலை நேர ஆங்கில வகுப்பில் 'நைஸ்' என்றால் என்ன என்று கேட்டேன். மாவுமில் நடத்தும் அக்கா முந்திக்கொண்டார்: "மாவு நைஸா இருக்கணும் சார்." ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபைன்' என்பார்கள். 'நைஸா நழுவிட்டான்' என்கிறோமே, அந்த நைஸும் ஆங்கிலேயருக்கு விளங்காது. ஆனாலும் அக்கா சொன்னதில் விஷயம் உண்டு. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இன்றும் நுட்பமான வேறுபாடுதான்.

இதன் பூர்விகம் லத்தீன். அங்கே 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று பொருள்! பிறகு நாசூக்கு, நுணுக்கம் என்று குணம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்பதற்கு வந்து சேர்ந்தது. அப்புறம் எதற்கெடுத்தாலும் நைஸ்தான். 1817 இறுதியில் வெளியான 'நார்தாங்கர் அபே' நாவலில் ஜேன் ஆஸ்டின், ஹென்றி டில்னி என்ற பாத்திரத்தின் வாயால் இந்தப் பழக்கத்தைக் கிண்டலடிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். உதவியவரிடம் 'தட்ஸ் நைஸ் ஆஃப் யூ'. என்னிடம் அன்பாக நடந்துகொள்கிறார் என்பதற்கு 'ஷி இஸ் நைஸ் டு மீ'; 'வித்' வேண்டாம். 'நைஸ் அண்ட் ஹாட்' என்றால் நல்லது ஒன்று, சூடு ஒன்று என்று பிரிக்காதீர்கள். காபி குடிக்க இதமான சூட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் 'ஐ ஆம் எ நைஸ் பெர்சன்' என்று எழுத வேண்டாம். என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள்.