சணலும் திமிங்கலமும் கட்டிய ஊர்

எடின்பரோவிலிருந்து வடக்கே டண்டீக்கு ரயில் ஏறுபவர்கள் வலப்பக்க ஜன்னலோரமாக இடம் பிடிக்க வேண்டும். ஒன்றே கால் மணி நேரப் பயணம். பார்க்க வேண்டியது கடைசி சில நிமிடங்களில்தான் வரும். ரயில் மெல்ல வளைந்து டே ஆற்றுப் பாலத்தில் ஏறும். ஆறு என்று பெயர்தானே தவிர, அந்த இடத்தில் கடல் ஊருக்குள் புகுந்து படுத்திருப்பதுபோல அத்தனை அகலம். பாலத்தை ஒட்டியே, தண்ணீருக்குச் சற்று மேலே, வரிசையாக மொட்டைத் தூண்கள் தெரியும். எதையும் தாங்காமல் அக்கரை வரை போகும்.

அவை முதல் பாலத்தின் மிச்சம். 1878-ல் திறந்த அந்தப் பாலம் இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. 1879 டிசம்பர் 28 இரவு அடித்த புயலில் அதன் நடுப்பகுதி சரிந்தது. அப்போது அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த ரயிலும் ஆற்றுக்குள் போயிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் 75 பேர் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பெயர் உறுதியானவர்கள் 59 பேர். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றுமே மோசம் என்று விசாரணை சொன்னது. பாலத்துக்காகச் சர் பட்டம் வாங்கியிருந்த பொறியாளர் தாமஸ் பவுச் அடுத்த வருஷமே இறந்துபோனார். ஆற்றில் விழுந்த என்ஜினை மட்டும் வெளியே எடுத்துப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். ரயில்வே ஊழியர்கள் அதற்கு ‘டைவர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இப்போது நீங்கள் போகும் பாலம் 1887-ல் வந்தது. பழைய பாலத்தின் இரும்பு உத்தரங்கள் சிலவற்றை இதிலும் சேர்த்திருக்கிறார்கள். இதை உடன் வருபவர்களிடம் அக்கரை சேர்ந்தபிறகு சொல்வது நல்லது.

ஸ்காட்லாந்து போகும் நம்மவர்கள் எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, ஸ்கை தீவு என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு அதிலேயே ஓடுகிறார்கள். கிழக்குக் கரையில் இருக்கும் டண்டீ அந்தக் கோட்டில் வருவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர் இது; ஸ்காட்லாந்தின் நான்காவது பெரிய நகரம். எடின்பரோவைப்போல எந்தத் தெருவில் நின்றாலும் படம் எடுக்கலாம் என்று சொல்ல முடியாது. பழைய கட்டடங்களில் பலவற்றை 1960, 70களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆனால் இங்கே இருப்பவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் இன்னொன்று கூடவே வருகிறது. அந்த நூலைச் சரியான முனையில் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் யோசனை.

பெரும்பாலோர் நதிக்கரையில் மின்னும் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தில் தொடங்குகிறார்கள். நீங்கள் அதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வெர்டன்ட் வொர்க்ஸுக்குப் போங்கள். 1833-ல் கட்டிய நூற்பாலை, 1996-லிருந்து அருங்காட்சியகம். பொருள் சணல். நாம் அரிசி மூட்டையாகவும் கோணிப்பையாகவும் அறிந்த அதே சணல்தான்.

டண்டீ அதற்கு முன்பே ஆளிச்செடி நாரில் லினன் நெய்து பழகிய ஊர். வங்காளத்திலிருந்து வந்த சணல் மலிவு. ஆனால் விறைப்பாக இருக்கும், இயந்திரத்தில் ஏற்றினால் அறுந்துபோகும். 1830களில் இதற்கு இங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: திமிங்கல எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து தெளித்து நாரை ஊறப்போட்டால் அது இளகி நூலாகிவிடும். திமிங்கல எண்ணெய்க்கு டண்டீ அலைய வேண்டியதில்லை, ஆர்க்டிக் கடலில் திமிங்கலம் பிடிக்கப் போன கப்பல்கள் இதே துறைமுகத்தில்தான் நின்றன. உலகத்தின் இரண்டு மூலைகளிலிருந்து வந்த இரண்டு சரக்கு ஒரே ஊரில் சந்தித்ததில் பிறந்த தொழில் இது. பிறகு போர்கள் கைகொடுத்தன. கிரிமியப் போரில் ரஷ்யாவின் ஆளிநார் வரத்து நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மணல்மூட்டைக்கும் வண்டித் துணிக்கும் கிராக்கி ஏறியது. ஆலை முதலாளிகள் சணல் பிரபுக்கள் ஆனார்கள்.

உள்ளே சணல் நாரை நூலாக்கித் துணியாக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. வழிகாட்டி ஒன்றை ஓடவிட்டுக் காட்டுவார். ஒரு இயந்திரத்தின் சத்தத்துக்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நூற்றுக்கணக்கில் ஓடிய கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஆலைப் பெண்கள் உதட்டசைவைப் படித்தும் கைச்சைகையாலும் பேசிக்கொண்டார்கள். வயதானபோது பலருக்குக் காது போயிருந்தது.

பெண்கள் என்று சொன்னது தவறி வந்த வார்த்தை இல்லை. ஆலைகளில் பெரும்பாலோர் பெண்கள்தான், கூலி குறைவு என்பதால். பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பதினெட்டு வயதாகி முழுக்கூலி கேட்கும் நிலை வந்ததும் கணக்கை முடித்து அனுப்பினார்கள். மனைவி ஆலைக்குப் போக, கணவன் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். அப்படிப்பட்ட கணவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘கெட்டில் பாய்லர்’, கெட்டிலில் தண்ணீர் காயவைக்கிறவன். சம்பாதித்த பெண்கள் சத்தமாகப் பேசினார்கள், குடித்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று அந்தக் காலத்துக் கனவான்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குறையில் ஒரு குறையும் தெரியவில்லை.

கதையின் மறுபாதி நம் நாட்டில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைகள் எழுந்தன. இயந்திரம் டண்டீயிலிருந்து போனது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க மேற்பார்வையாளர்களும் டண்டீயிலிருந்தே போனார்கள். விளைச்சலும் கூலியும் வங்காளத்தில் மலிவு. நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா டண்டீயை முந்திவிட்டது. தன் பிழைப்புக்குத் தானே போட்டியைக் கட்டி அனுப்பிய ஊர்! அதன்பிறகும் இழுத்துப் பறித்து 1990களின் கடைசிவரை இங்கே சணல் நூற்றார்கள். வங்காள விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை இன்னும் பெரியது. அதற்கு டண்டீ போதாது, ஹூக்ளிக் கரைக்குத்தான் போக வேண்டும்.

நேரம் இருந்தால் லாக்கீ பகுதியில் நிற்கும் காக்ஸ் புகைபோக்கியையும் பார்க்கலாம். 86 மீட்டர் உயரம், பல நிறச் செங்கல்லில் கோபுரம்போல அலங்கரித்துக் கட்டியது. அது சேர்ந்திருந்த சணல் ஆலை 1981-ல் மூடியாயிற்று.

இனி நூலின் அடுத்த முனை, கப்பல். ஸ்டேஷனுக்கு எதிரே ஆற்றோரம் நிற்கும் டிஸ்கவரி 1901 மார்ச்சில் இங்கேயே தண்ணீரில் இறங்கியது. கேப்டன் ஸ்காட்டின் முதல் அன்டார்க்டிக் பயணத்துக்காகக் கட்டியது. பின்னாளில் துருவப் பயணங்களால் பேர்பெற்ற ஷாக்கிள்டனும் அதில் போனார். அவ்வளவு பெரிய பயணத்துக்கு ஏன் டண்டீ? பனிக்கடலில் நொறுங்காத மரக்கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் திமிங்கலக் கப்பல் கட்டிய இந்த ஊர்க்காரர்கள்தான். பக்கச் சுவர் பல மரங்களை அடுக்கி இரண்டு அடிக்கும் மேலான கனம். கீழ்த்தளத்தில் அந்த மரச்சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அப்படியும் இரண்டு வருஷம் பனியில் சிக்கிக்கிடந்தது. 1904-ல் அதை மீட்கப் போன கப்பல்களில் ஒன்றான டெர்ரா நோவாவும் டண்டீயில் பிறந்த திமிங்கலக் கப்பல். ஸ்காட் கடைசியாகப் போய்த் திரும்பாத பயணத்துக்கு ஏறியதும் அதில்தான். டிஸ்கவரி 1986-ல் ஊர் திரும்பியது. அதற்கும் வெர்டன்ட் வொர்க்ஸுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பக்கத்துத் துறையில் யூனிகார்ன் என்ற 1824-ஆம் வருஷத்துப் போர்க்கப்பலும் உண்டு. கப்பல் பித்து உள்ளவர்கள் போகலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

திமிங்கலத்தையே பார்க்க ஆசையா? மக்மானஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நுழைவு இலவசம். 1883 கடைசியில் ஒரு கூன்முதுகுத் திமிங்கலம் டே ஆற்றுக்குள் வந்து துள்ளி விளையாடியது. வந்த ஊரைப் பாருங்கள்! வேட்டைக் கப்பல்கள் எல்லாம் குளிர்காலத்துக்காகக் கரையில் சும்மா நின்ற நேரம். ஈட்டி எறிந்தார்கள், கயிற்றை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடி, ஒரு வாரத்தில் செத்து மிதந்தது. ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்துக் காசுக்குக் காட்டினார். அதன் எலும்புக்கூடு இன்றும் அங்கே தொங்குகிறது.

வி அண்ட் ஏவுக்கு இப்போது வரலாம். லண்டனுக்கு வெளியே அந்த அருங்காட்சியகம் எழுந்த முதல் இடம் இது; 2018 செப்டம்பரில் திறந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடல் பாறைகளை மனதில் வைத்து, கல் பலகைகளைக் கிடையாக அடுக்கிக் கட்டியிருக்கிறார். வெளியிலிருந்து பார்க்க அற்புதம். கட்டடத்தின் நடுவே ஆற்றை நோக்கித் திறக்கும் வழியில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். உள்ளே அந்த அளவுக்கு இல்லை என்பது என் கட்சி. ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் மேக்கின்டாஷ் ஒரு கிளாஸ்கோ தேநீர்க்கூடத்துக்கு வடிவமைத்த ஓக் மர அறையை மட்டும் தவறவிடாதீர்கள். பிரித்து வைத்திருந்த துண்டுகளைச் சேர்த்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

குழந்தைகள் உடன் இருந்தால் ஊர் நடுவே டெஸ்பரேட் டான் என்ற படக்கதை நாயகனின் வெண்கலச் சிலை முன் படம் எடுத்துக்கொள்வார்கள். தி டாண்டி, தி பீனோ என்ற படக்கதை இதழ்கள் 1937, 38-ல் இங்கிருந்துதான் கிளம்பின. வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு செய்தி: கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வீடியோ கேமின் சொந்த ஊரும் டண்டீ. இதுவும் நூல் பின்னலில் வந்ததே. சணல் மங்கியபோது டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. 1980களில் அங்கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி தயாரானது. அது ஊர்ப் பையன்கள் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது. அவர்களில் சிலர் விளையாட்டு எழுதத் தொடங்கினார்கள்.

வானம் தெளிந்திருக்கும் நேரமாகப் பார்த்து லா குன்றில் ஏறிவிடுங்கள். 174 மீட்டர்தான், பழங்கால எரிமலைப் பாறையின் மிச்சம். ஊர், இரண்டு பாலங்கள், அக்கரை ஃபைஃப் மலைகள் எல்லாம் தெரியும். 1966-ல் வந்த சாலைப் பாலத்தில் நடந்தும் ஆற்றைக் கடக்கலாம். நடைபாதை இரண்டு வாகனப் பாதைகளுக்கும் நடுவில் உயர்த்திப் போட்டது. காற்று அடிக்கும் நாளில் வேண்டாம்.

கடற்கரை வேண்டுமென்றால் ஊருக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும், பிராட்டி ஃபெரிக்கு. சணல் பிரபுக்கள் ஆலைப் புகைக்கு எட்டாத தூரத்தில் மாளிகை கட்டிக்கொண்ட மீனவ ஊர். முகத்துவாரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கோட்டை, உள்ளே இலவச அருங்காட்சியகம், பக்கத்தில் நீண்ட மணல். கோடையில் டால்ஃபின் தென்படலாம், உத்தரவாதம் கிடையாது. 1959 டிசம்பர் 8 அன்று புயலில் ஒரு விளக்குக் கப்பலுக்கு உதவ அங்கிருந்து போன மோனா உயிர்காப்புப் படகு எட்டுப் பேரோடும் கவிழ்ந்தது. இன்னமும் அங்கே உயிர்காப்புப் படகு நிலையம் இயங்குகிறது, தொண்டர்களே ஓட்டுகிறார்கள். புத்தாண்டு அன்று இதே துறையில் கூட்டமாகக் குதித்துக் குளிப்பது 1884-ல் தொடங்கிய ஒரு நீச்சல் சங்கத்தின் வழக்கம். நாம் ஓவர்கோட்டோடு வேடிக்கை பார்த்தால் போதும்.

சாப்பாட்டுக்கு அடுமனைகளை நம்பலாம். ஆட்டிறைச்சி பை, இறைச்சியை மாவில் மடித்துச் சுட்ட பிரைடி இரண்டும் இங்கத்துப் பசிக்கானவை. சைவர்கள் திகைக்க வேண்டாம், மாக்ரோனியை அடைத்த பையும் ஸ்காட்லாந்தில் உண்டு. மேலே பாதாம் பதித்த டண்டீ கேக்கை ஊருக்கு வாங்கி வரலாம், கெடாது. மீன் பிரியர்கள் ரயிலில் இருபது நிமிடம் போய் ஆர்ப்ரோத்தில் இறங்குங்கள். ஹேடாக் மீனை உப்பிட்டு, வாலோடு வால் ஜோடியாகக் கட்டி, விறகுப் புகையில் வேகவைத்த ஸ்மோக்கியைச் சூட்டோடு தருவார்கள். அதற்காகவே ஒரு அரை நாளை ஒதுக்கலாம்.

டண்டீக்கு இரண்டு இரவு போதும். எடின்பரோவில் ஒரு நாளைக் குறைத்தாலே கிடைத்துவிடும். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம். டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். குளிர்காலத்தில் வெர்டன்ட் வொர்க்ஸ் வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, கிழமையைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள்.