எண்ணும் உரிமையும்

அந்தமான் செல்லுலார் சிறைக்கு 1911-ஆம் ஆண்டில் கொணரப்பட்ட சாவர்க்கரின் கைதி எண் 32778. அச்சிறையின் அறைகளோ 700-க்கும் குறைவு. ஆகவே அவ்வெண் அறையைக் குறித்ததன்று, ஆளைக் குறித்தது.

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணிப்பொறிகளும் இவ்வாறே ஆளுக்கோர் எண் வழங்குகின்றன. லினக்ஸ் என்னும் அமைப்பில் தலைமை நிர்வாகியின் எண் 0. ஏனையோருக்கு வழக்கமாக 1000 முதல் தொடங்கும். புதிதாகச் சேர்பவருக்கு, அப்போதுள்ள எண்களுள் பெரியதற்கு அடுத்த எண் பொதுவாகக் கிடைக்கும். கோப்புக்கு உரியவர் யார் என்பதற்கு அடையாளமாகப் பதிவது அவர் பெயரன்று, எண்ணே.

இதில் ஓர் இடர் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவர் வேற்றூருக்கு மாற்றலாகிப் போகிறார் என்று கொள்வோம். அவர் கணக்கை நீக்கிவிட்டுக் கோப்புகளை அப்படியே விட்டுவைத்தால், அடுத்து வருபவர் அதே எண்ணைப் பெறுவார். முன்னவரின் கடிதங்களும் குறிப்புகளும் அவருக்கே உரியனவாகிவிடும்!

போக்குவரவு மிகுந்த தீவு அலுவலகங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. சென்றவரின் கணக்கை நீக்காது பூட்டி வைக்கலாம். நீக்கியே தீரவேண்டுமாயின், முதலில் அவ்வெண்ணுக்குரிய கோப்புகளைத் தேடி, உரியவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். ஆள் மாறினும் எண் மாறாதிருந்தால், உடைமை கைமாறிவிடும் அன்றோ?