இரவில் கால் பிடித்து இழுப்பது ஏன்?

நல்ல உறக்கத்தில் இருக்கும்போது கெண்டைக்கால் சதை திடீரெனத் திரண்டு கல்லுப்போல் இறுகும். காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. சில விநாடிகளில் விட்டுவிடலாம். சிலவேளை பத்து நிமிடம் வரையும் நீடிக்கலாம். விட்ட பின்னரும் மறுநாள் வரை அந்த இடம் நோகும். 'கால் பிடிச்சு இழுக்குது', 'சதை பிரளுது', 'குரக்குவலி' என்று இதற்குப் பல பெயர்கள். வைத்தியர்கள் இரவுநேரத் தசைப்பிடிப்பு என்பார்கள்.

எமது பெண்கள் இதை வைத்தியரிடம் சொல்வது குறைவு. 'இடம்பெயர்ந்து நடந்த நடைக்கு இப்ப கால் கணக்குக் கேட்குது' என்று தாங்கிக் கொள்பவர்கள் உண்டு. 'பாரிசவாதத்தின் தொடக்கமோ' என்று உள்ளுக்குள் பயந்து கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இந்தப் பிடிப்பு பாரிசவாதத்தின் அறிகுறி அல்ல. பெரும்பாலும் ஆபத்தானதும் அல்ல. ஆனால் அடிக்கடி வருகிறதென்றால், கண்டுபிடித்துக் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று பின்னால் இருக்கக்கூடும்.

யாருக்கு அதிகம்?

50 வயதைக் கடந்தவர்களுக்கு இது மிகச் சாதாரணம். வயது ஏறும்போது தசைநார்கள் குறுகுகின்றன. தசையை இயக்கும் நரம்புகளும் குறைகின்றன. படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால் கெண்டைத்தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும். அந்நேரம் நரம்பு தூண்டப்பட்டால் தசை ஒரேயடியாக இறுகிவிடும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும், குறிப்பாகக் கடைசி மாதங்களில், இது அடிக்கடி வரும். பிள்ளை பிறந்த பின்னர் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

வேலையும் காலும்

பகலில் கால் எப்படி வேலை செய்கிறது என்பதும் முக்கியம். ஆடைத் தொழிற்சாலையில் சீமெந்துத் தரையில் நாள் முழுவதும் நிற்பவர்கள், வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்குபவர்கள், வீதி வேலைக்குக் கல் சுமப்பவர்கள், தையல் மெசினில் மணிக்கணக்காக இருப்பவர்கள் ஆகியோரின் கெண்டைத்தசை களைத்துப் போகிறது. நெடுநாள் வேலையில்லாமல் இருந்துவிட்டுத் திடீரெனக் கடும் வேலைக்குப் போனாலும் இரவில் பிடிக்கும்.

வெயிலில் வியர்த்து வேலை செய்பவர்களுக்கு நீரும் உப்பும் குறைவதும் தசைப்பிடிப்பைக் கொண்டுவரலாம். வேலைத்தலத்தில் மலசலகூடம் இல்லை, இருந்தாலும் பாதுகாப்பில்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். இது காலுக்கு மாத்திரமல்ல, சிறுநீரகத்துக்கும் கேடு. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பான மலசலகூடம் கேட்பது உங்கள் உரிமை. தனியே கேட்கத் தயக்கமாயின் மாதர் சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

போரில் காயப்பட்ட கால்கள்

ஒரு காலை இழந்தவர்களுக்கு மற்றக்கால் இரட்டிப்புப் பாரம் சுமக்கிறது. அந்தக் காலில் இரவில் பிடித்து இழுப்பதும், எஞ்சிய காற்பகுதியில் சதை இறுகுவதும் உண்டு. உடல் மெலிந்தாலோ பருத்தாலோ செயற்கைக்காலின் பொருத்தம் மாறிவிடும். பொருந்தாத காலோடு நடந்தால் நல்ல காலும் பழுதாகும். ஆகவே செயற்கைக்கால் பெற்ற நிலையத்துக்குச் சென்று அதனைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

ஷெல் துண்டுகளோ சன்னமோ நரம்பைக் காயப்படுத்தியிருந்தால், அந்த நரம்பு செல்லும் தசையிலும் பிடிப்பு வரலாம். எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் பழைய காயத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு வரும் இறுக்கம் வேறு வகையானது. அது வழமையைவிடத் திடீரெனக் கூடினால் சிறுநீர்த் தொற்றோ படுக்கைப்புண்ணோ காரணமாயிருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

நோய்களும் குளிசைகளும்

சலரோகம் நரம்புகளைப் பாதிப்பதால் தசைப்பிடிப்பு ஏற்படும். சிறுநீரக நோய், ஈரல் நோய், தைரொயிட் சுரப்பு குறைதல், காலில் நாளம் புடைத்தல், காலுக்குச் செல்லும் நாடிகள் அடைபடுதல் ஆகியவையும் காரணமாகலாம். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் குறைந்தால் நாடி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சிறுநீரக நோயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1990களிலிருந்து அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களில், சலரோகமோ குருதியமுக்கமோ இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் பழுதடைவது கண்டறியப்பட்டது. வவுனியாவின் சில பகுதிகளிலும் இந்நோய் உண்டு. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. ஆகவே இப்பகுதிகளில் வயல்வேலை செய்யும் பெண்கள் குருதியும் சிறுநீரும் சோதித்துக் கொள்வது நல்லது.

சில மருந்துகளும் பிடிப்பைக் கூட்டும். குருதியமுக்கத்துக்கும் கால்வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் சிறுநீர் போக்கும் குளிசைகள், கொழுப்பைக் குறைக்கும் 'ஸ்ரற்றின்' வகைக் குளிசைகள், தொய்வுக்கு இழுக்கும் சிலவகைப் பம்புகள் என்பன அவை. இதைப் படித்துவிட்டுக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் கேளுங்கள்.

பிடிக்கும்போது என்ன செய்வது?

முழங்காலை நேராக நீட்டிக்கொண்டு, கால்விரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் துவாயைப் பாதத்தில் மாட்டி இரு முனைகளையும் பிடித்து இழுக்கலாம். எழுந்து நிற்க முடிந்தால் குதிக்காலை நிலத்தில் அழுத்தி நில்லுங்கள். பின்னர் சதையை மெதுவாகத் தேய்த்துவிட்டு, இளஞ்சூட்டுத் துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். சலரோகத்தால் கால் விறைத்தவர்கள் சூட்டை உணரமாட்டார்கள். அவர்களுக்கு ஒத்தடம் வேண்டாம், புண்ணாகிவிடும்.

வராமல் தடுக்க

நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வொன்றில், படுக்கைக்குப் போகுமுன் காலை நீட்டி இழுக்கும் பயிற்சியை ஆறு வாரம் செய்தவர்களுக்குப் பிடிப்புக் குறைந்தது. பயிற்சி இலகுவானது. சுவருக்கு முன்னால் நின்று இரு கைகளையும் அதில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்காமல், குதி நிலத்தை விட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். கெண்டைச்சதை இழுபடுவது தெரியும்போது மெதுவாக இருபதுவரை எண்ணுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை போதும். நிற்க முடியாதவர்கள் இருந்தபடி துவாயால் இழுக்கலாம்.

வேலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டு செல்லுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் வெயில் வேலைக்கு உகந்தவை. ஆனால் குருதியமுக்கம் உள்ளவர்கள் உப்பையும், சிறுநீரக நோயாளர்கள் இளநீர், வாழைப்பழம் போன்றவற்றையும் வைத்தியர் சொன்ன அளவிலேயே எடுக்க வேண்டும்.

மக்னீசியம் குளிசை வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முதியவர்களின் தசைப்பிடிப்புக்கு அதனால் பயனிருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மலேரியாவுக்கான குயினைன் குளிசையை இதற்காக எடுக்கவே கூடாது. அது குருதியையும் இதயத்தையும் பாதிக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006 இலும் 2010 இலும் எச்சரித்தது.

எப்போது காட்ட வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் காத்திருக்க வேண்டாம். அது குருதிக்கட்டியாக இருக்கலாம். கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் இதில் மிகக் கவனமாயிருக்க வேண்டும். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கால் பலமிழந்தாலும், விறைத்தாலும், பிடிப்பு வாரத்தில் பல இரவுகள் வந்து உறக்கத்தைக் கெடுத்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் குருதியமுக்கத்தையும் குருதியில் சீனியின் அளவையும் இலவசமாகப் பார்த்துக் கொள்ளலாம். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள். போகும்போது மூன்று விடயங்களைச் சொல்ல ஆயத்தமாயிருங்கள்: வாரத்தில் எத்தனை இரவு பிடிக்கிறது, எந்தக் காலில், என்னென்ன குளிசைகள் எடுக்கிறீர்கள்.

ஒருநாள் கூலியை விட்டுக் கிளினிக்குக்குப் போவது தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு இலகுவல்ல என்பது எமக்குத் தெரியும். ஆனால் சலரோகமோ சிறுநீரக நோயோ முற்றிய பின் தெரியவந்தால், இழப்பது ஒருநாள் கூலி மட்டுமல்ல. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் வேலையை விட்டு ஓடுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்காக உழைக்கும் காலுக்கும் ஒருநாள் ஒதுக்குவோம்.