பழைய கம்ப்யூட்டர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு



நம் ஊழியத்தைத் தாங்கிவரும் பலர் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுகிறீர்கள். "எங்கள் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. தாம்பரம் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் சில காரியங்களைச் சொல்லவேண்டும். இதில் நாங்களே ஒரு முறை தவறியிருக்கிறோம்.

மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் இயந்திரங்களை மாற்றியபோது, பழையவற்றில் ஆறை ஒரு சிறிய பள்ளிக்கு அனுப்பினோம். ஜெபம் செய்து, நாடா வெட்டி, புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். மறு ஆண்டு போனபோது அறை பூட்டியிருந்தது. திறந்து காட்டினார்கள். ஆறும் உறை போட்டபடி, தூசியில்லாமல், நாங்கள் வைத்துவிட்டு வந்த இடத்திலேயே இருந்தன. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் சரிசெய்யப் பணமில்லை என்று பயந்திருக்கிறார்கள். தாலந்தைப் புதைத்தவனைக் கடிந்து எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறோம். அவனும் பயந்துதான் புதைத்தான் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. குற்றம் அந்தப் பள்ளியின்மேல் இல்லை. இயந்திரத்தைக் கொடுத்த நாங்கள் அதைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளைக் கொடுக்கவில்லை.

இது புதிய பாடமும் அல்ல. மத்திய அரசு 1984-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ இயந்திரங்களை வழங்கியது. நம் மெப்ஸ் வளாகமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டதுதான். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2019 முதல் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. ஆகவே பெரிய அரசுப் பள்ளிகளில் இயந்திரமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லித்தரும் ஆள்தான் அரிது.

கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் நினைத்துப்பாருங்கள். சென்னை நகருக்குள் கூவம், அடையாறு கரைகளிலும் பிற இடங்களிலும் குடியிருந்தவர்களை 2000-ம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள் இவை. பின்னால் பெரும்பாக்கமும் சேர்ந்தது. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அந்தக் கட்டடங்களைத் துடைக்கப் போகும் தாய்மார்கள் பலர் இந்தக் குடியிருப்புகளிலிருந்தே போகிறார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். அதுவரை பாடம் செல்போனில். வீட்டில் இருக்கும் ஒரு போனும் வேலைக்குப் போகும் தகப்பனாரோடு போய்விட்டால் பிள்ளைக்கு அன்றைக்குப் பாடம் இல்லை.

அப்படி எழுத்தையே பாதி மறந்துவிட்ட பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எப்படி உதவும் என்று கேட்பீர்கள். முதலில் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 247 எழுத்துக்கு 247 விசை தேவையில்லை. 'அ', 'ம', 'ம', 'ஆ' என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். முதல் மகரத்துக்குப் புள்ளியைக் கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பதைப் பலகையில் எழுதி விளக்குகிறோமே, அது இங்கே பிள்ளையின் விரலிலேயே நடக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் என்ற பயமும் அத்தோடு போகும்.

இனி, கொடுப்பதைப் பற்றி. ஓடாத இயந்திரத்தை அனுப்பவேண்டாம். பழைய விண்டோஸ் இருந்தால் பரவாயில்லை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபரில் பொதுவாக முடிந்துவிட்டதால், நாங்கள் எப்படியும் இலவச லினக்ஸ்தான் போட்டுக்கொடுக்கிறோம். அலுவலகக் கணக்குகளை நன்றாக அழித்துவிட்டு அனுப்புங்கள். (எங்கள் ஆறு இயந்திரங்களிலிருந்தும் நோயாளிகளின் விவரங்களை அழிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.) வாங்கும் பள்ளியிடம் நாங்கள் கேட்பது: சரியான எர்த் இணைப்பு உண்டா, மின்சாரம் போனால் தாங்க யுபிஎஸ் உண்டா, அறை எந்த மாடியில்? இந்த மூன்றாவது கேள்வி சிலருக்கு விநோதமாகப் படும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். தரைத்தளத்தில் வைக்க நாங்கள் சம்மதிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் இரண்டு மணி நேரம் வரக்கூடியவர்கள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்தவர்கள், கல்லூரியில் படிக்கும் வாலிபர் சங்கப் பிள்ளைகள் யாரானாலும் சரி. இன்ஜினியராக இருக்கவேண்டியதில்லை. பிள்ளை தவறாகத் தட்டினால் கோபப்படாதவராக இருந்தால் போதும். அந்த ஆறு இயந்திரங்களில் நான்கு இன்னும் ஓடுகின்றன. சனிக்கிழமை தோறும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் போய் அறையைத் திறந்துவைக்கிறார். மழைக்காலத்துக்கு முன் இன்னும் இருவர் கிடைத்தால் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். விருப்பமுள்ளவர்கள் மருத்துவமனை போதகர் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.