ஏசியை 18-ல வச்சும் ஏன் புழுங்குது?

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸுக்கு மதியம் 3 மணிக்குப் போறீங்கன்னு வச்சுக்கங்க. மேற்கே பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர். அதை ஒட்டி உட்கார்ந்திருக்கிற மெர்ச்சன்டைசர், "ஏசியை 18-ல வைங்க" என்பார். ஏசிக்கு நேர் கீழே இருக்கிறவரோ காதை மூடிக்கிட்டு நடுங்குவார். கரண்ட் பில் ஏறினதுதான் மிச்சம். ரெண்டு பேருக்குமே நிம்மதி இல்லை.

காரணம் எளிது. உடம்பு காற்றின் வெப்பத்தை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர், கண்ணாடி, கூரையிலிருந்து வரும் கதிர்வீச்சையும் சேர்த்தே உணருது. காற்று அதிகம் அசையாத அறையில் நாம் உணரும் வெப்பம், ஏறத்தாழ இந்த இரண்டின் சராசரி.

கணக்குப் போடுங்க. காற்று 22 டிகிரி, சுற்றுப்பரப்பு 34 என்றால் நீங்க உணர்வது 28. காற்று 25, சுற்றுப்பரப்பு 27 என்றால் 26 தான். ஏசியை 3 டிகிரி ஏத்தியும் முன்னைவிடக் குளிர்ச்சி!

இதை நேரடியாகவே சோதிச்சுப் பார்த்த இடம் ஹைதராபாத் போச்சாரத்தில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகம். ஒரே கட்டடத்தை ஒரே மாதிரி இரண்டு பாதிகளாகக் கட்டினாங்க. ஒரு பாதியில் வழக்கமான ஏசி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதிச்சு, குளிர்ந்த நீரை ஓடவிட்டாங்க. 2011-12-ல் முதல் வருஷ அளவீட்டில், குழாய் பதித்த பாதி குளிரூட்ட எடுத்த மின்சாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அங்கே வேலை பார்த்தவர்களின் திருப்தியும் அதிகம்.

ஆனா அப்படியே காப்பி அடிச்சிடாதீங்க. ஈரக்காற்று அதிகமுள்ள ஊரில், தளத்தின் வெப்பம் பனிநிலைக்குக் கீழே போனால் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். வெளிக்காற்றின் ஈரத்தை முதலில் பிரிச்சே ஆகணும்.

நம்ம பக்கம் அதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது நிறைய இருக்கு. உடுமலை, அமராவதி நகர் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும்னு உங்களுக்கே தெரியும். அந்தக் காற்று உள்ளே வந்து வெளியேற எதிரெதிர் ஜன்னல், மேற்கே வெயில் படாமல் வெளிப்பக்கத் தடுப்பு, கூரைக்கு வெள்ளைப் பூச்சு, தலைக்கு மேலே ஒரு ஃபேன். ஏசி எத்தனை டன் என்பது இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

அடுத்த டிசைன் ப்ராஜெக்டில் முகப்பு முழுக்கக் கண்ணாடி வரையும் முன், மதியம் 3 மணிக்கு அந்த ஜன்னலோரம் உட்காரப் போறவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.